கெட்டவர்களுக்காக வாதாடிய அக்கா

மாலை நேரத்தில் பத்து பெரண்டாம் விமானத் தளத்துப் பக்கமிருந்து சின்ன விமானம் ஒன்று வீட்டுக் கூரைகளுக்கு மேலே சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தால், இப்போதும் எனக்கு அந்த அக்காவின் குரல் கேட்கிறது.

"அவனுக்கு அன்னிக்கு மனசுல என்னா ஓடியிருக்கும்னு நெனைக்கிற?"

எவனுக்கு என்று நான் கேட்கமாட்டேன். பழைய காவியம் எதிலிருந்தாவது ஒரு கெட்டவன் எழுந்து வந்திருப்பான். அவனை உட்காரவைத்து, ஒரு கோப்பி கொடுக்காத குறையாக விசாரிப்பதுதான் அக்காவின் மாலை வேலை.

பாச்சாங்கில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் மட்டும்தான். அந்தப் பக்கம், கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு, மறுநாள் கட்டப்போகும் புடவைக்கு அக்கா இஸ்திரி போடுவார். அவரிடம் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. அதனால் அந்த இடம் முழுக்க மேசையும் புத்தகமும்தான். இந்தப் பக்கம் நான் தொழிற்சாலைச் சட்டைகளைக் காயப்போடுவேன். வெயில் மஞ்சளாக மாறி, எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பூச்செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பிக்கும் அந்த நேரத்தில், செத்துப்போன ராஜாக்களும் சூழ்ச்சிக்காரர்களும் எங்கள் சுவரோரம் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பாதித் தூக்கம்போல இருக்கும். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தம் கேட்ட காதுக்கு அந்தக் குரல் இதமாக இருந்தது.

அக்கா பட்டணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. நான் குடிவந்தபோதே அவர் தலையில் பாதி நரை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் படிப்பார், ஆனால் பழைய கதைகள் மட்டும்தான். புதிய நாவல்களைத் தொடமாட்டார்.

"இப்ப எழுதறவங்க மொத பக்கத்துலயே, இவனுக்கு அம்மா இல்ல, அப்பா அடிச்சாருன்னு எழுதிடறாங்கம்மா. நான் வாதாட வேலையே இல்லலா. பழைய கதையிலதான் கெட்டவன் பாட்டுக்குக் கெட்டவனா நிக்கறான். ஏன்னு நாமதான் தேடணும்."

இந்தப் பழக்கம் அலுவலகத்தில் வந்தது என்பார். ஒரு நாள் ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போவாளாம். அவள் சொல்வதைக் கேட்டால் புருஷன் சாட்சாத் ராட்சசன். வேறொரு வழக்கில் அதேமாதிரி ஒரு ராட்சசன் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்துவானாம்.

எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. மன்னிப்பது என் குணத்தில் குறைவு. என் கல்யாணத்துக்கு வந்து சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன நாத்தனாரோடு இன்றுவரை நான் முகம்கொடுத்துப் பேசியதில்லை. அதனால் அக்கா ஒவ்வொருவனாகக் கொண்டுவந்து நிறுத்தும்போது நான் தண்டனை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"நம்ம இலங்கை ராஜாவ எடுத்துக்க. தங்கச்சி மூக்கறுந்து வந்து நின்னா. அந்தக் கோவம் நியாயம். ஆனா அந்தக் கோவத்தோட கெளம்பினவன் இன்னொருத்தன் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்துட்டான். அதுக்கப்புறம் தங்கச்சி பேச்சையே காணோம், கவனிச்சியா?"

"அதான்லா, மோசமான ஆளு."

"மோசந்தான். ஆனா வெள்ளக்கார நாடகத்துல ஒருத்தன் இருக்கான். வீட்டுக்கு விருந்தாளியா வந்த ராஜாவ படுக்கையிலயே குத்திடறான். அவனுக்குக் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடியே மனசு நடுங்குது. வேணாம்னு ஒதுங்கறான். பொண்டாட்டி ரெண்டு வார்த்த சொல்றா, மறுபடி போறான். நம்மாளு ஒரு தடவகூட நடுங்கல. தம்பிமாருங்க மாத்தி மாத்தி வந்து புத்தி சொன்னாங்க. பத்து தல இருந்து என்ன பண்ண, ஒரு தலைய ஆட்டல. நடுங்கிக்கிட்டே செய்றவன் மேலா, நடுங்காம செய்றவன் மேலா?"

"ரெண்டு பேரையும் தூக்குல போடணும்க்கா."

"போடு. கேட்டுட்டுப் போடு."

சிலம்பைத் திருடிய பழைய மதுரைத் தட்டானிடம் அக்காவுக்குத் தனிக் கரிசனம். அவன் சொன்னது ஒரே ஒரு பொய், அதில் ஒரு நகரமே எரிந்தது. "அவன் ஊர எரிக்கவா நெனச்சான்? மாட்டிக்குவோமேன்னு பயம், அவ்வளவுதான். ஆசப்பட்டுக் கெட்டவன விட பயந்து கெட்டவன் எனக்குப் பாவமா இருக்கான்" என்பார். இளவரசன் சின்ன வயதில் விளையாட்டாக மண்ணுருண்டையால் அடித்ததை மறக்காமல், அவனுக்குப் பட்டம் கட்டும் நாள்வரை காத்திருந்த கூன்முதுகு வேலைக்காரியையும் விட்டுக்கொடுக்கமாட்டார். "சிரிச்சாங்கல்ல எல்லாரும்? அடிச்சது வலிச்சிருக்காது. சிரிச்சதுதான் வலிச்சிருக்கும்."

இந்தக் குணம் புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை பசாருக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அக்காவின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு. நான்தான் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அக்கா புகார் கொடுத்த அழகைப் பார்க்கவேண்டும். "பின்னாடி உக்காந்திருந்தவன் திரும்பிப் பாத்தான்" என்று மலாயில் அந்தப் போலீஸ்காரரிடம் சொல்கிறார். முகம் தெரிந்ததா என்று அவர் கேட்கிறார். "முகம் தெரியல சார். ஆனா நான் விழுந்துட்டேனான்னு பாத்தான். அவனுக்கு மனசு கேக்கல." போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெளியே வந்து நன்றாகத் திட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே சிராய்ப்பை ஊதிக்கொண்டு வந்தார்.

ஒரே ஒருத்தன் விஷயத்தில் மட்டும் அக்கா தோற்றுப்போனதாகச் சொல்வார். அவனும் ஒரு வெள்ளைக்கார நாடகத்தில் வருகிறவன். எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை என்று, ஒரு கைக்குட்டையை வைத்தே ஒரு நல்ல குடும்பத்தை அழித்தவன்.

"எங்க பெக்டரியில அந்த மாதிரி ஆளுங்க நெறைய இருக்காங்கக்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எல்லாம் முடிஞ்சப்புறம் ஏன்டா செஞ்சன்னு அவன்கிட்ட கேக்கறாங்க. அவன் வாயத் தொறக்கமாட்டேன்னுட்டான். செத்தாலும் சொல்லமாட்டான். அந்த மாதிரி ஆளுதான் எனக்குப் பயம்."

ஆடி மாதத்தில் ஒருநாள் கோயிலில் சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தேன். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் ஒரு கெட்டவன் கிடைத்திருந்தான். தாயம் உருட்டி அண்ணன் தம்பிகளுக்குள் போர் மூட்டிய அந்த மாமன். அவன் குடும்பத்தையே சிறையில் போட்டுப் பட்டினியில் சாகவிட்டார்களாம், பழிவாங்கத்தான் மருமகன் வீட்டிலேயே வந்து உட்கார்ந்தானாம். பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவனப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாத" என்றார். பாதிப் புடவையை அப்படியே சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கொலைகாரன், திருடன் எல்லாருக்கும் வாதாடுகிறவருக்கு இந்த ஒரு மாமன்மேல் அப்படி என்ன ஆத்திரம்? மறுநாள் மாலை அக்கா ஒரு கிண்ணத்தில் கேசரியோடு சுவரோரம் வந்து நின்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

அக்கா பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இருபத்திரண்டு வயதில் நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது, மாப்பிள்ளை பேரைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னால் பந்தல் போட்டு நிச்சயம். இரண்டு பக்கமும் வெற்றிலைத் தட்டு மாற்றவேண்டும். பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு நிமிரக்கூடாதுல்ல? எனக்குப் பாய் மட்டும்தான் தெரிஞ்சிச்சு. மாமா காலு தெரிஞ்சிச்சு. திடீர்னு அந்தக் காலு எழுந்து வெளிய போச்சு. அவ்வளவுதாம்மா நான் பாத்தது."

மாமன் எழுந்து போனதும் பந்தலில் பேச்சு நின்றது. அக்காவின் அப்பா முன்கோபக்காரர். "போறவன் போகட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவது எப்படி என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டார். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பேசிப் பார்த்துவிட்டு அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சொந்த மாமனே எழுந்து போனான் என்றால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அதன்பிறகு எந்த இடமும் கூடிவரவில்லை. அம்மா தன் கூடப்பிறந்தவனின் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"மாமா என்னைத் தோள்ல தூக்கிட்டு வளத்தவரு. ஏன் எழுந்து போனாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவரு மவனுக்கு என்னைக் கட்ட நெனச்சாரா? மாப்பிள்ளையப் பத்தி ஏதாச்சும் கெட்டது தெரிஞ்சிச்சா? எங்கப்பா மேல பழைய பகையா? யார் கதையப் படிச்சாலும் மாமாவுக்குப் பொருந்துதான்னு போட்டுப் பாப்பேன். ஆச, பயம், பொறாம, அவமானம். ஒரு சட்டையும் அவருக்குச் சேரல."

"நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே?"

"அந்தக் கைக்குட்டக்காரன் மாதிரி வாயத் தொறக்கலன்னா?"

அன்று எனக்குக் கேசரி இனிக்கவில்லை. இத்தனை வருஷமாக அக்கா யாருக்காக வாதாடிக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. அந்த மாமன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் போன் வந்தது. நியாலாசில் மாமா வீட்டிலிருந்து அவருடைய மருமகள். மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு நாளுக்கு நாள் குழறுகிறது, இப்போது சொல்வது பாதிதான் புரிகிறது, அவருக்கு உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்றாள். அக்கா போனை வைத்துவிட்டுச் சுவரருகே வந்தார். "பேச்சு போறதுக்குள்ள கேக்கணும்மா. காரு எடுக்கிறியா?"

சனிக்கிழமை காலை கிளம்பினோம். விடிந்ததிலிருந்து தூறல். ஜாசின் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. மழை ஈரத்தில் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் புகை நின்றது. வைப்பர் போய்வரும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பியபடி, யாரோ கூடவே நடந்து வருவதைப்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. நாங்கள் எங்கும் போய்ச் சேராமல் அந்த வெள்ளைக்குள்ளேயே போய்க்கொண்டிருப்போம் என்று எனக்குத் தோன்றியது. சேராமலிருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

தெருவிலிருந்து உள்ளே தள்ளிச் சின்ன வீடு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே சிமெண்டு முற்றம். மாமா கூடத்தில் சக்கரமில்லாத வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கற்பனையில் வளர்த்து வைத்திருந்த ராட்சசன் எங்கேயும் இல்லை. ஒட்டிய கன்னம், ஒரு பக்கம் இறங்கிய வாய், பளிச்சென்று விபூதி. அக்காவைப் பார்த்ததும் "பாப்பா" என்றார். அறுபதை நெருங்கிய அக்கா அந்தச் சொல்லுக்குச் சின்னப் பெண்ணைப்போலத் தரையில் உட்கார்ந்தார்.

சுற்றிவளைக்கவில்லை. "மாமா, அன்னிக்கு ஏன் எழுந்து போனீங்க?"

மருமகள் கோப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். மாமா ரொம்ப நேரம் வாயை அசைத்துப் பார்த்தார். அப்புறம் பேச்சு விட்டு விட்டு வந்தது.

"சந்தனம்... கிராணிக்கு மொதல்ல குடுத்தாங்க."

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கிராணி என்றால் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுபவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் துரைக்கு அடுத்த பெரிய மனிதர். நிச்சயத்துக்கு அவரை அழைத்திருக்கிறார்கள். மரியாதைக்கு முதல் சந்தனத்தை அவருக்கு நீட்டியிருக்கிறார்கள். தாய்மாமனுக்குப் போகவேண்டிய முதல் சந்தனம்.

"சரி... வெளிய போய் நின்னா... ஒங்கப்பா வந்து கூப்புடுவாருன்னு..." மாமா மூச்சு வாங்கினார். "பைப்புக்கிட்ட நின்னேன் பாப்பா. ரொம்ப நேரம் நின்னேன். யாரும் வரல. அப்புறம்... காரு கெளம்புற சத்தம்."

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நல்லது கெட்டதில் ஒரு மாமனோ பங்காளியோ முறுக்கிக்கொண்டு போய் வெளியே நிற்பார். யாராவது போய்க் கையைப் பிடித்து, "என்ன மாமா, நீங்க இல்லாமலா" என்று அழைத்து வருவார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்றபடி வந்து உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். முறுக்குகிறவருக்கும் தெரியும், அழைக்கிறவருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் அழைக்க ஆள் போகவில்லை.

அதோடு விட்டிருந்தால் அக்கா மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மாமா நிறுத்தவில்லை. நல்ல கையால் அக்காவின் தலையைத் தொட்டுச் சொன்னார்.

"நீயாச்சும்... ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் பாப்பா."

அக்கா அந்தக் கையை மெதுவாக எடுத்து வாக்கரின்மேல் வைத்தார். "அன்னிக்குப் பொண்ணு வாயத் தொறக்கலாமா மாமா? உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். கோப்பியைத் தொடவில்லை. முற்றத்தைக் கடந்து கேட்டைத் திறந்துகொண்டு காரில் வந்து உட்கார்ந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

காருக்குள் அக்கா மடியில் கை வைத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "எவ்வளவோ பெரிய காரணமா இருக்கும்னு நெனச்சேன்மா. என் வாழ்க்க அளவுக்காவது பெரிசா இருக்கும்னு நெனச்சேன். ஒரு பொட்டுச் சந்தனம்."

எனக்குத் திரும்பிப் போய் அந்தக் கிழவரை நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது. அதைச் செய்யமுடியாமல் சாவியைத் திருகினேன்.

"ஓப் பண்ணு" என்றார் அக்கா.

"ஏன்க்கா? போயிடலாம்லா."

"கொஞ்ச நேரம் இரு. வெளிய வந்து நின்னா எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

எஞ்சினை நிறுத்தினேன். தூறல் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. வீடு கலங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அக்கா வீட்டைப் பார்க்கவில்லை; காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது. யாரும் வரவில்லை. ஒரு மனிதர் குழாயடியில் நின்றது எப்படி இருந்திருக்கும் என்று, எனக்குப் பிடிக்காவிட்டாலும், அப்போது எனக்கும் தெரிந்தது.

அப்புறம் சிமெண்டில் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. மாமா வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து முற்றத்தில் வந்துகொண்டிருந்தார். மருமகள் குடையோடு கூடவே ஓடி வந்து, "மழையில எங்க மாமா போறீங்க, நான் கூப்புடறேன், உக்காருங்க" என்று தடுத்தாள். அவர் அவளைத் தோளால் தள்ளினார். வேட்டி நனைந்து காலில் சுற்றியது. பாதி முற்றத்தில் நின்று மூச்சு வாங்கினார். மறுபடி நடந்தார். கேட்டருகே வந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"பாப்பா... உள்ள வாம்மா."

அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தார்.

"மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"இல்ல" என்றார் அக்கா. "இது எனக்குப் பத்தாது. ஆனா நான் போகலன்னா அவரு மழையில அங்கயேதான் நிப்பாரு."

இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தார்.